கல்மேட்டுக்குப் பதினோரு அடி

இப்போதெல்லாம் யாரும் வண்டியை விட்டு இறங்குவதில்லை. கடலைப் பார்க்க ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். வந்தபிறகு கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். மணலில் இறக்கும் முன் டயரில் காற்றைக் குறைக்க வேண்டும். அதற்குக் குனிய வேண்டும். குனிந்தால் கால்சட்டை அழுக்காகும். அதனால் குறைப்பதில்லை. பத்தாவது நிமிடம் வண்டி வயிறு வரை புதைந்து கிடக்கும். இழுத்துவிடச் சொல்லி என் கொழுந்தியாளுக்குப் போன் வரும். எதிரே வருகிறவனுக்குக் கை தூக்குவதில்லை. கல்மேட்டைக் கடந்தால் ஒரு கல் வைப்பதில்லை. எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், போன் சொல்கிற இடத்துக்கு என்கிறார்கள். அந்தப் போன் இந்தப் பாலைவனத்தில் என்றைக்காவது தாகத்தோடு நடந்திருக்கிறதா?

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். எழுத்தை நம்பியதில்லை. ஆளையும் நம்பியதில்லை. தடத்தை மட்டும் கொஞ்சம் நம்புவேன், அதுவும் இரண்டு முறை பார்த்த பிறகு. காணாமல்போன கழுதை, மாடு, சில சமயம் மனுஷன் என்று நாற்பது வருஷம் தேடிக் கொடுத்திருக்கிறேன். பெயர் இலாயஸ் உய்ராப். எங்கள் கடற்கரை ஊரான ஹென்டிஸ் பேயில் யாரைக் கேட்டாலும், "அந்தச் சிடுமூஞ்சியா?" என்று சொல்லிவிட்டு வீட்டைக் காட்டுவார்கள்.

அந்த வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு டோர்க்காஸின் கொட்டகைக்குப் போனேன். டோர்க்காஸ், செத்துப்போன என் மனைவியின் தங்கை. ஐம்பத்திரண்டு வயது. புதைந்த வண்டிகளை இழுத்துவிடும் லாரி ஒன்று வைத்திருக்கிறாள். லாரி சத்தம் போடும். அவள் அதைவிட அதிகம்.

கொட்டகை வாசலில் கவிழ்த்துப்போட்ட டிரம் மேல் ஃபெஸ்டஸ் கனுசெப் உட்கார்ந்திருந்தான். வெளியூர்க்காரர்களைக் கடற்கரைக்கும் பின்வழிகளுக்கும் ஜீப்பில் கூட்டிப்போகிற வழிகாட்டி. மடியில் பிளாஸ்டிக் உறைக்குள் அவனுடைய அனுமதிச் சீட்டு. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் மடியில் வைத்திருப்பார்களே, அப்படி வைத்திருந்தான்.

"பெரியப்பா, மதியம் பன்னெண்டு மணிக்கு இதக் கொண்டாந்து ஒப்படைக்கச் சொல்லிட்டாங்க," என்றான். "இது போச்சுன்னா கடற்கரைக்குள்ள என் வண்டி நுழைய முடியாது. அஞ்சு வருஷம் பாடுபட்டு வாங்குன வண்டிய வச்சுக்கிட்டு நான் என்ன, அதுக்குள்ள கோழியா வளர்க்கறது?"

"முட்டையாவது கிடைக்கும்," என்றாள் டோர்க்காஸ். எண்ணெய் சொட்டும் ஃபெட்குக் பணியாரம் ஒன்றை அவன் கையில் திணித்தாள். "தின்னு. பட்டினியா அழுதா சத்தமே வராது."

விஷயம் இதுதான். வடக்கே, காப்பகத்தின் கேட்டுக்கு உள்ளே, கல்பாசிச் சமவெளி இருக்கிறது. கடலிலிருந்து வருகிற பனிமூட்டத்தைக் குடித்தே உயிர் வாழ்கிற பாசி. ஒரு சக்கரம் ஏறினால் அந்தத் தடம் மறைய நூறு வருஷம் ஆகும். செவ்வாய்க்கிழமை யாரோ அதன் நடுவே வண்டியை ஓட்டிவிட்டார்கள். காவலர் ஹிஸ்கியா த்சுசெப் அறிக்கை எழுதிவிட்டார். தடம் அகலமாக இருக்கிறது; காற்றுக் குறைத்த டயர்; ஆகவே கடற்கரையிலிருந்து வந்த வண்டி. நடந்தது செவ்வாய் மாலை நான்கு மணிக்கு; அப்போது அந்தக் கரையில் இருந்த ஒரே வண்டி ஃபெஸ்டஸுடையது. கூட இருந்த இரண்டு ஜெர்மன்காரர்களும் மறுநாளே விமானம் ஏறிவிட்டார்கள்.

"நீ ஓட்டுனியா?" என்றேன்.

"இல்ல பெரியப்பா."

"எல்லாரும் இல்லன்னுதான் சொல்றாங்க."

"அத்தான், இப்படிக் கேட்டா முனகறதுக்குக்கூட அவனுக்கு தைரியம் வராது," என்றாள் டோர்க்காஸ். "லாரில ஏறுங்க. டேய் ஃபெஸ்டஸ், நீ வயர்லெஸ் பக்கத்துலயே உட்காரு. என் கொட்டகையில எதையும் தொடாத."

*

உப்பும் மண்ணும் இறுக்கிப் போட்ட உப்புச்சாலை பனியில் நனைந்து கறுத்துக் கிடந்தது. சோப்பு தடவியதுபோல் வழுக்கும் நேரம். லாரியின் மூக்குக்கு முன்னால் பத்தடிதான் தெரிந்தது.

சாலையோரப் பள்ளம் ஒன்றைக் காட்டி டோர்க்காஸ் சிரித்தாள். "செவ்வாய்க்கிழமை காலையில இந்த இடத்துலதான் நம்ம பெரிய வழிகாட்டி தலைகுப்புறக் கிடந்தான். ஏழு மணிலருந்து பத்து மணி வரைக்கும் என் கயித்துல தொங்கிக்கிட்டு இருந்தான். ஊருக்கெல்லாம் சொல்லிட்டேன். தொப்பியக்கூட இங்கயே விட்டுட்டு ஓடிட்டான்." இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு நீலத் தொப்பியை எடுத்து ஆட்டினாள்.

"பனி எப்ப விலகுச்சு அன்னைக்கு?"

"எட்டு மணிக்கெல்லாம் வெயிலு கண்ணக் குத்துச்சு. ஏன்?"

"சும்மா."

"நீங்க சும்மா எதையும் கேக்க மாட்டீங்க அத்தான். எங்க அக்காவ பொண்ணு பாக்க வந்தப்பவே, வீட்டுல எத்தனை ஆடுன்னு ரெண்டு தடவ எண்ணிட்டுத்தான் உட்கார்ந்தீங்க."

சரியாக எட்டு மணிக்கு ஹிஸ்கியா கேட்டைத் திறந்தார். ஐம்பத்தொன்பது வயது. இஸ்திரி போட்ட சீருடை. இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கேட்டுக்கு உள்ளேயே குடியிருக்கிறார். சாவி அவர் இடுப்பில்தான். இன்னும் எட்டு மாதத்தில் ஓய்வு.

"உய்ராப் அண்ணே! இந்தப் பனியில எங்க?"

"தடம் பாக்க."

"பாக்கறதுக்கு என்ன இருக்கு? நேத்து சாயங்காலம் மேலிடத்து ஆளுங்க வந்து போட்டோ புடிச்சாச்சு. எல்லாம் முடிஞ்சு போச்சு." வருகை நோட்டை நீட்டினார். டோர்க்காஸ் கையெழுத்துப் போட்டாள். போடும்போதே பக்கத்தைப் பின்னால் புரட்டியதை நான் பார்த்தேன், அவர் பார்க்கவில்லை. "பாத்துப் போங்க. வழி தவறிடும். நானா இருந்தா கண்ணக் கட்டிவிட்டாலும் இந்தச் சமவெளியில ஓட்டுவேன்."

"உங்க கண்ணக் கட்டறதுக்கு அவ்வளவு பெரிய துணி ஊர்ல இல்ல," என்றாள் டோர்க்காஸ். அவர் சிரித்தார். நல்ல சிரிப்புதான். நான் சிரிக்கவில்லை.

கேட்டைத் தாண்டியதும், "நோட்டுல என்ன பாத்த?" என்றேன்.

"செவ்வாய்க்கிழமை உள்ள போன முதல் வண்டி, ஒம்பது நாப்பதுக்கு. ஃபெஸ்டஸ் பன்னெண்டுக்கு."

"ம்."

"அந்த 'ம்'முக்கு அர்த்தம் என்னன்னு கேட்டா சொல்லுவீங்களா?"

*

சாலை சமவெளியைச் சுற்றிக்கொண்டு போகிறது. முழுச் சுற்றுக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும். பழைய கனிமச் சுரங்கத்துக்குப் போகிற மண்பாதையில் திரும்பி, தடம் பாதையைத் தொடுகிற இடத்தில் லாரியை நிறுத்தினாள்.

பனியில் கல்பாசி விழித்திருந்தது. வெயிலில் சாம்பல் சருகுபோல் கிடப்பது, ஈரம் பட்டால் பச்சையும் ஆரஞ்சுமாக விரிந்துகொள்ளும். ஓரத்துக் கல்லில் இருந்ததை டோர்க்காஸ் ஒரு விரலால் தொட்டாள்.

"கன்னுக்குட்டி காது மாதிரி இருக்கு."

"இப்ப அழுத்துனா என்ன ஆகும்?"

"படுத்துக்கும்."

"மத்தியானம் அழுத்துனா?"

"மொறுமொறுன்னு இருக்கும். பொடிஞ்சு போகும்..." நிறுத்திவிட்டாள். என்னைப் பார்த்தாள். பிறகு சக்கரத் தடத்துக்குள் இறங்கி, கைகளைத் தொடையில் ஊன்றிக் குனிந்து பார்த்தாள்.

தடத்துக்குள் பாசி தட்டையாகப் படுத்திருந்தது. நசுங்கியிருந்தது, தரையோடு ஒட்டியிருந்தது. ஆனால் இதழ் இதழாக முழுசாக இருந்தது. அதன் பக்கத்திலேயே, நேற்று மாலை போட்டோ பிடிக்க வந்தவர்களின் பூட்ஸ் தடங்கள். அங்கே பாசி இல்லை, பொடி. காலால் ரஸ்க்கை மிதித்த மாதிரி.

"அடப்பாவி," என்றாள். "வண்டி போனது சாயங்காலம் இல்ல. பனியிருக்கற காலை நேரத்துல!"

"காலையில ஃபெஸ்டஸ் எங்க இருந்தான்?"

"என் கயித்துல!" லாரியின் மேல் ஓங்கித் தட்டினாள். "அத்தான், முடிஞ்சுது! போயி சொல்லிடலாம் வாங்க."

"யார்கிட்ட? என்னன்னு? பாசி படுத்திருக்குன்னா? இன்னும் ரெண்டு மணி நேரத்துல வெயில் வந்து இதையும் சருகாக்கிடும். அப்புறம் நீயும் நானும் சொல்றதுதான் மிச்சம். நான் சிடுமூஞ்சி, நீ வாயாடி. யாரு நம்புவா?"

அவள் வாயைத் திறந்து மூடினாள். அது அபூர்வம்.

தடத்துக்குள்ளேயே நடந்தேன், செத்ததை மறுபடி கொல்ல முடியாது. நூறு அடி போனதும் வண்டி நின்ற இடம் தெரிந்தது. கடலிலிருந்து வந்தவன் இங்கே நிறுத்தி, பிறகு இடது பக்கம் ஒடித்துப் பாதையில் ஏறியிருக்கிறான். எதற்கு நிறுத்தினான்? நிமிர்ந்தேன். பனிக்குள் கல்மேடு. எத்தனை முறை செத்தாலும் எழுந்துவிடுகிற எங்கள் பழங்கதை நாயகன் ஹெய்த்சி எய்பிப் படுத்திருக்கிற மேடுகளில் ஒன்று. எங்கள் ஆட்கள் யாரும் கல்லோ குச்சியோ வைக்காமல் அதைக் கடப்பதில்லை.

ஓட்டுகிறவன் பக்கத்துக் கதவு இருந்திருக்கும் இடத்திலிருந்து மேடு வரை காலடிகள். ஈர மண்ணில் பதிந்து, பிறகு வெயிலில் இறுகி, அச்சு வார்த்ததுபோல் இருந்தன. எண்ணினேன். பதினொன்று. திரும்பி வந்ததும் அதே பதினொன்றின் மேல்தான்.

"இதப் பாரு," என்றேன்.

"காலு. வலது காலு கொஞ்சம் வெளிய திரும்பியிருக்கு. பூட்ஸு."

"எங்க வச்சிருக்கான்னு பாரு."

பார்த்தாள். ஒவ்வொரு அடியும் பாசி இல்லாத வெற்றுத் தரையில். ஒன்று நீளமாக, ஒன்று குட்டையாக, ஒன்று பக்கவாட்டில். வரிசையாகத் தூங்குகிற குழந்தைகளைத் தாண்டிப் போகிறவன் மாதிரி.

"என்னய்யா இது," என்றாள் மெதுவாக. "வண்டிய ஏத்தி ஒன்றரை கிலோமீட்டரு கொன்னுட்டு, இறங்கி வந்து ஒரு இலைகூட மிதிக்காம நடந்திருக்கான்."

"வண்டி அவன் இஷ்டத்துக்குப் போச்சு. காலு பழக்கத்துக்குப் போச்சு."

பாதைப் பக்கமாகச் சுற்றிப் போய், எல்லோரும் வருகிற ஒற்றையடி வழியில் மேட்டை அடைந்தேன். உச்சியில் ஒரு கூழாங்கல். கறுப்பு, நடுவில் வெள்ளை வளையம். இந்தச் சமவெளியில் அப்படிக் கல் கிடையாது. பறவைகள் முட்டையிடுவதற்காக யாரையும் விடாமல் மூடி வைத்திருக்கிறார்களே, அந்த விரிகுடாவில் மட்டும்தான் உண்டு.

"வெளியூர்க்காரன் கல்ல எடுத்துட்டுப் போவான், வைக்க மாட்டான்," என்றாள் டோர்க்காஸ். "இது நம்ம ஆளு. அதுவும் கையோட கல்லு கொண்டு வந்திருக்கான். இங்க கிடக்கற கல்லு ஒவ்வொண்ணுலயும் பாசி இருக்கும்னு தெரிஞ்சவன்."

"அந்தத் தொப்பிய எடுத்துட்டு வா."

ஃபெஸ்டஸின் நீலத் தொப்பியை மேட்டின் மேல், கறுப்புக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இப்ப ஹிஸ்கியாவ வயர்லெஸ்ல கூப்பிடு. கல்மேட்டு மேல ஃபெஸ்டஸ் தொப்பி இருக்கு, வந்து எடுத்துக்கிட்டுப் போன்னு சொல்லு."

"பொய் சொல்லச் சொல்றீங்க."

"இருக்கா இல்லையா?"

தொப்பியைப் பார்த்தாள். "இருக்கு."

"அப்ப சொல்லு."

*

ஹிஸ்கியா பத்தரைக்கு வந்தார். பனி விலகி, பாசி மறுபடி சாம்பலாகச் சுருண்டிருந்தது. லாரிக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, அன்றைக்கு வண்டி நின்ற இடத்தில் காத்திருந்த எங்களிடம் தடத்தின் வழியே வந்தார். முகத்தில் சந்தோஷம் இல்லை. ஆனால் பாரம் இறங்கியதுபோல் இருந்தது.

"நான்தான் சொன்னேனே அண்ணே. எனக்கு மட்டும் ஆசையா? அந்தப் பையன எனக்குச் சின்ன வயசுலருந்து தெரியும். எங்க தொப்பி?"

"அங்க," என்று மேட்டைக் காட்டினேன். "எனக்கு முட்டி வலி. நீயே போயி எடுத்துக்க."

அவர் போனார். போகிறபோதே கையை வீசிப் பேசிக்கொண்டு போனார். இந்தக் காலத்து வழிகாட்டிகளுக்குப் பொறுப்பில்லை; சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான்; அவர் அப்பனாக இருந்தாலும் எழுதித்தான் இருப்பார். வாய் சட்டத்தில் இருந்தது. கால்கள் அவற்றின் வேலையைப் பார்த்தன. நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று.

"நாலு," என்றாள் டோர்க்காஸ், சத்தமாக. "அஞ்சு. ஆறு."

"என்ன எண்ணறே?" என்றார் திரும்பாமலே.

"ஒம்பது. பத்து. பதினொண்ணு."

மேட்டை அடைந்துவிட்டார். இடது கை தொப்பியை எடுத்தது. வலது கை சட்டைப் பைக்குள் போய், ஒரு கல்லை எடுத்து உச்சியில் வைத்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. கும்பிடுகிறவன் செருப்பைக் கழற்றுகிற மாதிரி, கை தானாகச் செய்துவிட்டது.

கறுப்புக் கல் இரண்டு. வெள்ளை வளையம் இரண்டு.

ஹிஸ்கியா கல்லைப் பார்த்தார். பிறகு தன் பூட்ஸைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை இறுகிப்போன அச்சுக்குள் அது அளவாக உட்கார்ந்திருந்தது, வலது கால் கொஞ்சம் வெளியே திரும்பி.

"காவல்காரங்க எல்லாரும் இப்படித்தான் நடப்பாங்க," என்றார். குரல் பாதியாகியிருந்தது.

"நேத்து வந்தவங்களும் காவல்காரங்கதான்," என்றேன். பொடிந்து கிடந்த பூட்ஸ் தடங்களைக் கையால் காட்டினேன். "அவங்க எப்படி நடந்திருக்காங்க பாரு. ஹிஸ்கியா, வண்டி போனது பனிக்குள்ள. பாசி படுத்திருக்கு, பொடியல. அன்னைக்குப் பனி எட்டு மணிக்கே போயிடுச்சு. உன் நோட்டுல முதல் வண்டி ஒம்பது நாப்பதுக்கு. கேட்டுக்கு உள்ள அந்த நேரத்துல யாரு இருந்தா?"

அவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஃபெஸ்டஸுக்கு ஒன்றரை மணி நேரம்தான் இருக்கு," என்றாள் டோர்க்காஸ். அவள் குரலில் கிண்டல் துளிகூட இல்லை. "அவன் என் கொட்டகையில அந்தச் சீட்ட மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கான், அண்ணே."

ஹிஸ்கியா மேட்டின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். இஸ்திரி போட்ட கால்சட்டையோடு, தரையில்.

"வழி தவறிட்டேன்," என்றார். "விடியக்காலையில விரிகுடாவுக்கு ரோந்து போனேன். மணலுக்குக் காத்தக் குறைச்சிருந்தேன். திரும்பி வர்றப்ப ஒண்ணுமே தெரியல. இருபத்திரண்டு வருஷம்! பாதையில போறேன்னு நினைச்சுக்கிட்டே பாசி மேல போயிருக்கேன். கல்மேடு கண்ணுல பட்டதும்தான் உயிரே வந்துச்சு. இறங்கி, கல்ல வச்சு, அழுதேன். கண்ணக் கட்டிவிட்டாலும் ஓட்டுவேன்னு ஊரெல்லாம் சொன்னவன், வழி தவறுனேன்னு எப்படி எழுதறது? எட்டு மாசம்தான் பாக்கி. ஃபெஸ்டஸ் பேரு நோட்டுல இருந்துச்சு. கை எழுதிடுச்சு."

"கைக்கு அன்னைக்கு நிறைய வேலை," என்றாள் டோர்க்காஸ். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஹிஸ்கியா எழுந்து வண்டிக்குப் போனார். வயர்லெஸ்ஸில் மேலிடத்தைக் கூப்பிட்டார். செவ்வாய்க்கிழமை அறிக்கை தவறு, ஓட்டியது அவரே, ஃபெஸ்டஸ் கனுசெப்பின் அனுமதிச் சீட்டை வாங்க வேண்டாம். மூன்றும் நான் நிற்கும்போதே சொன்னார். அந்தப் பக்கத்தில் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். திரும்பச் சொன்னார். அதையே காகிதத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு டோர்க்காஸிடம் கொடுத்தார். அவள் எனக்கு வாசித்துக் காட்டினாள். இரண்டு முறை வாசிக்கச் சொன்னேன்.

அடுத்து அவள் கொட்டகையைக் கூப்பிட்டாள். வயர்லெஸ்ஸில் ஃபெஸ்டஸ் கத்தினது பாதிதான் புரிந்தது. எதுவோ உருண்டு விழுகிற சத்தமும் கேட்டது.

"டிரம்ம உருட்டிட்டான்," என்றாள். "எதையும் தொடாதன்னு சொன்னேன்."

ஹிஸ்கியா என் பக்கம் வந்தார். "அண்ணே, நீங்க வராட்டியும் இன்னைக்கு மதியத்துக்குள்ள நானே சொல்லியிருப்பேன். சத்தியமா."

அவர் வண்டி போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாவம் அத்தான்," என்றாள் டோர்க்காஸ். "பயந்துட்டாரு. ஆனா நன்றி மறக்காம இறங்கிக் கல்லு வச்சாரு பாருங்க. மனுஷங்க இன்னும் இருக்காங்க."

"நன்றிங்கற. நான் லஞ்சம்ங்கறேன்."

"உங்களுக்கு யாரையும் புடிக்காது. ஏறுங்க, போலாம்."

"நீ சுத்திக்கிட்டு கடற்கரைப் பக்கம் வா. நான் நடந்து வர்றேன்."

"முட்டி வலின்னீங்க?"

"அது ஹிஸ்கியாவுக்குச் சொன்னது."

அவள் தலையில் அடித்துக்கொண்டு லாரியை எடுத்தாள். நான் தடத்துக்குள் இறங்கி, கடலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தேன்.

பனியில் வழி தவறியவன் தடத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இடது பக்கம் சாயும், சந்தேகம் வந்து நிற்கும், பின்னால் வரும், ஒரு சுற்றுச் சுற்றித் தன் தடத்தையே வெட்டும். கழுதையானாலும் அப்படித்தான், காவல்காரனானாலும் அப்படித்தான். சாலையில் சுற்றி வர முக்கால் மணி. குறுக்கே வந்தால் ஏழு நிமிடம். எட்டு மணிக்குக் கேட் திறக்க வேண்டும்.

ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்தேன். ஒரு இடத்திலாவது வளையும் என்று பார்த்துக்கொண்டே நடந்தேன். கடல் சத்தம் கேட்கிற இடம் வந்ததும் திரும்பிப் பார்த்தேன். கரையிலிருந்து கல்மேடு வரை, தூண்டில் நரம்பை இழுத்துக் கட்டியதுபோல் ஒரே நேர்.

கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவேன் என்று சொன்னார். அவர் சொன்னதில் அது ஒன்றைத்தான் நம்புகிறேன். லாரி இன்னும் வரவில்லை. நான் நிற்காமல் நடந்தேன்.